மோட்டார் ஓடுது... தண்ணி வரலையே!

வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தாலும், தரங்கம்பாடிப் பக்கத்துக் கடைமடைக்குக் காவிரித் தண்ணீர் வந்து சேர நாளாகும். அதற்குள் குறுவைக்கு நாற்று விட வேண்டுமென்றால் பம்புசெட்தான் கதி. அந்த நேரம் பார்த்துத்தான் அது மக்கர் பண்ணும். உடனே ‘காயில் போச்சு’ என்று மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் அதிகம். ஆனால் கோளாறு பல நேரம் மோட்டாரில் இருக்காது. தண்ணீர் ஏறி வரும் வழியில் இருக்கும்.

காற்று பிடிக்கிறதா?

மோனோபிளாக் பம்பு தானாக உறிஞ்சுவதில்லை. இம்பெல்லர் தண்ணீரை விசிறித் தள்ளும்போது அதன் நடுவில் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் கீழே கிடக்கும் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. காற்று தண்ணீரைவிடச் சுமார் 800 மடங்கு லேசு. பம்புக்குள் காற்று புகுந்துவிட்டால் இம்பெல்லர் எத்தனை சுற்று சுற்றினாலும் பயனில்லை.

மோட்டாரை நிறுத்திவிட்டு, பம்பு நிறையத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மட்டம் இறங்கினால் ஃபுட் வால்வ் கசிகிறது. சாணியைக் கரைத்து ஊற்றுவது அன்றைக்கு மட்டும் கைகொடுக்கும். வாஷரை மாற்றுவதே தீர்வு. மட்டம் நிற்கிறது, ஆனால் ஓடும்போது தண்ணீர் விட்டுவிட்டு வருகிறதா? சக்‌ஷன் பைப் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். நுரை எங்கே உள்ளே இழுபடுகிறதோ, அங்கேதான் ஓட்டை. கிளாண்ட் கயிறு உள்ள பம்பில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். அதை நிறுத்துவதற்காக இறுக்கினால் ஷாஃப்ட் தேயும்.

கடற்கரை விடுதிகளின் நீச்சல் குளத்துப் பம்புக்கும் இதே விதிதான். அங்கே இலை அடைத்த வடிகூடை, மூடியின் ரப்பர் வளையம், குளத்தின் நீர்மட்டம் மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

ஆழம் கூடிவிட்டதா?

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் தாங்கக்கூடிய நீரின் உயரம் சுமார் 34 அடி. பைப்பின் உராய்வும் மற்ற இழப்புகளும் போக, நடைமுறையில் 22 முதல் 25 அடிதான் கிடைக்கும். கோடையில் நீர்மட்டம் அதற்கும் கீழே போனால் 5 எச்.பி.யை 10 எச்.பி. ஆக்கினாலும் தண்ணீர் ஏறாது. குழி எடுத்துப் பம்பைக் கீழே இறக்கினால் ஏறும்.

மோட்டார் உறுமுகிறதா?

சுற்றாமல் உறுமினால் நொடியும் தாமதிக்காமல் நிறுத்துங்கள். மும்முனை மோட்டாரில் ஒரு ஃபேஸ் போயிருக்கும். ஒருமுனையில் கபாசிட்டர் போயிருக்கும். அப்படியே விட்டால் அப்போதுதான் காயில் நிஜமாகவே எரியும். வயர் மாற்றிய பிறகு தண்ணீர் குறைந்தால், மோட்டார் எதிர்த்திசையில் ஓடுகிறதா என்று பம்பின் மேல் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். இரண்டு ஃபேஸ் வயர்களை எலெக்ட்ரீஷியன் இடம் மாற்றினால் சரியாகிவிடும். உப்புக்காற்றில் ஸ்டார்ட்டர் முனைகளில் பச்சை பூத்தாலும் மின்சாரம் தடைபடும். மெயினை அணைக்காமல் எதையும் திறக்காதீர்கள்.

தண்ணீர் கரிக்கிறதா?

எல்லாம் சரியாக ஓடி, வரும் தண்ணீர் கரித்தால் கோளாறு நிலத்துக்கு அடியில். கடலோரத்தில் நன்னீர், உப்புநீர்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. இறைத்து இறைத்து மேலே 1 அடி குறைந்தால், நாளடைவில் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறி வரும்.

இந்தக் கோளாறை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. பெரிய மோட்டார் போட்டால் உப்பு இன்னும் சீக்கிரம் வரும். இடைவெளி விட்டு இறையுங்கள். ஆற்றுத் தண்ணீர் வரும் நாட்களில் குளம் குட்டைகளை நிரப்பிக்கொள்ளுங்கள்.