மாமரங்களில் நீர் நிலைமை அளவிடல்

மரத்தின் நீர் நிலைமை என்பது வேர் உறிஞ்சும் நீருக்கும் இலை வழியே ஆவியாகும் நீருக்கும் இடையிலான சமநிலையைக் குறிக்கும். இலையையோ கிளையையோ வெட்டாமல் இதனை அறியும் முறைகள் ஊறு விளைவிக்காத அளவீடுகள் எனப்படும்.

தேவை

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதிகளில் மா பயிரிடப்படுகிறது. இராஜபாளையத்தின் சப்பட்டை மாம்பழம் பெயர் பெற்றது. பூக்கும் பருவத்திற்கு முன் ஈரம் மிகுந்தால் மாமரம் பூவுக்குப் பதிலாகத் தளிர் விடக்கூடும். பிஞ்சு பிடித்த பின் நீர் குறைந்தால் பிஞ்சுகள் உதிரும். ஆகவே நீர் பாய்ச்சும் காலம் விளைச்சலைத் தீர்மானிக்கிறது. மாவின் வேர் ஆழமாகச் செல்வதால், மேல்மண் காய்ந்திருப்பதை மட்டும் கொண்டு மரத்தின் நிலையைக் கணிக்க இயலாது.

அழுத்தக் கலன்

1965ஆம் ஆண்டில் சோலாண்டரும் அவரது குழுவினரும் அழுத்தக் கலன் முறையை விளக்கினர். வெட்டிய இலையைக் கலனுள் வைத்து, காம்பின் நுனியில் சாறு கசியும் வரை வளிம அழுத்தம் கொடுக்கப்படும். அவ்வழுத்தமே இலையிலுள்ள நீரின் இழுவிசையைக் காட்டும். ஆனால் மாவிலையை வெட்டும்போது வடியும் பால், சாறு கசியும் கணத்தை மறைத்துவிடுகிறது. மேலும் ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஓர் இலை தேவைப்படும்.

ஊறு விளைவிக்காத முறைகள்

இலை வெப்பநிலை: நீர் ஆவியாவதால் இலை குளிர்கிறது. நீர் குறையும்போது இலைத்துளைகள் மூடிக்கொள்ள, இலை வெப்பமடைகிறது. அகச்சிவப்பு வெப்பமானி இதனைத் தொடாமலேயே அளக்கும். இதன் அடிப்படையிலான பயிர் நீர்த் தகைவுக் குறியீடு 1981இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. மேகமும் காற்றும் இவ்வளவீட்டைப் பாதிக்கும்.

தண்டின் விட்டம்: தண்டு பகலில் சற்றே சுருங்கி, இரவில் மீண்டும் பருக்கிறது. தண்டில் பொருத்தப்படும் உணரி இம்மாற்றத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கினும் நுண்மையாகப் பதிவு செய்யும். மரத்தின் வயதும் காய்ச்சுமையும் இச்சுருக்கத்தை மாற்றும்.

சாறோட்டம்: சூடேற்றிய ஊசியைத் தண்டில் செருகி, அது குளிரும் அளவைக் கொண்டு சாற்றின் வேகம் கணிக்கப்படுகிறது. இதனை 1985இல் கிரானியே விவரித்தார். சிறு துளையிட வேண்டியிருப்பதால் இது முற்றிலும் ஊறற்றது அன்று.

பயன்பாடு

எந்த முறையாயினும் ஒற்றை அளவு போதாது. அதே தோட்டத்தில் போதிய நீர் பெற்ற மரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே வேறுபாடு விளங்கும். வெட்டாத முறைகளில் அதே மரத்தைப் பூப்பு முதல் அறுவடை வரை தொடர்ந்து அளக்க முடிவதே அவற்றின் முதன்மையான பயனாகும்.