புது டயர் மாத்தப் போறீங்களா? அந்த 4 நம்பரை பார்த்துட்டு காசை கொடுங்க!

சென்னை:
4 டயரும் மாற்றினால் கால் டாக்சி டிரைவருக்கு பல நாள் வருமானம் காலி. கடன் வாங்கி மாட்டிய டயர், குடோனில் 4 வருஷம் தூங்கிய சரக்கு என்று பிறகு தெரிந்தால் எப்படி இருக்கும்? பளபளப்பை பார்த்து ஏமாறக் கூடாது. கறுப்பு பாலிஷ் தடவினால் பழைய டயரும் புதுசு மாதிரிதான் மின்னும்.

டயரின் வயசு அதன் பக்கவாட்டிலேயே இருக்கிறது. 4 எண்கள், பெரும்பாலும் சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில், அதாவது ஜூன் மாதம் தயாரானது. ஓடாமல் சும்மா கிடந்தாலும் ரப்பர் இறுகும், வெடிப்பு விடும். அதனால் ஒரு வருஷத்துக்குள் தயாரானதை கேட்டு வாங்குங்க. இன்னொரு விஷயம், சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். மாட்டிய பிறகு அது உள்பக்கம் போய்விட்டால் யாருக்கும் தெரியாது. வீலில் ஏற்றுவதற்கு முன்னாடியே பார்த்துடணும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம்.

பில் வேண்டாம்னா விலை குறையும் என்பார்கள். மயங்காதீங்க. பில் இல்லாவிட்டால் டயர் புடைத்துக்கொண்டாலும் கம்பெனியில் மாற்றித் தர மாட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக குறைந்துவிட்டது. வரி இல்லாமல் 4 ஆயிரம் ரூபாய் டயர் என்றால் முன்பு 5,120 ரூபாய். இப்போ 4,720 தான். 4 டயருக்கு 1,600 ரூபாய் மிச்சம்!

2 டயர் மட்டும் வாங்க காசு இருக்கா? புதுசை முன்னாடி போடத்தான் பலரும் நினைப்பார்கள். ஆனால் பின்னாடி போடுவதுதான் பாதுகாப்பு. மழைத் தண்ணீரில் முன் சக்கரம் வழுக்கினால் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து ஓரளவு சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி அப்படியே சுழன்றுவிடும். முன் சக்கர டிரைவ் வண்டிக்கும் இதேதான். ஆனால் முன்னாடி போகும் பழைய டயர் மொட்டையாக இருக்கக் கூடாது. பள்ளம் 1.6 மில்லி மீட்டருக்கு கீழே தேய்ந்திருந்தால் அதையும் மாற்றியே ஆகணும்.

மாட்டும்போது டீ குடிக்க போய்விடாமல் பக்கத்திலேயே நில்லுங்க. அம்புக்குறி போட்ட டயர் என்றால் அது வண்டி முன்னால் போகும்போது சுற்றுகிற திசையை காட்டணும். டியூப்லெஸ் டயருக்கு ரப்பர் வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்க. சில்லறை செலவுதான். டயர் ரிம்மில் உட்காருவதற்காக காற்றை அதிகமாக அடிப்பார்கள். அதை குறைக்க மறந்துவிடுவதும் உண்டு. டிரைவர் கதவு ஓரத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதில் உள்ள அளவுதான் சரி. பேலன்சிங் கட்டாயம். இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் உதறும்.

ஏர் கன்னால் நட்டை வெறித்தனமாக முறுக்கினால், நடுரோட்டில் பஞ்சர் ஆகும்போது கழற்ற வராது. கடைசி முறுக்கை ஸ்பேனரால் போடச் சொல்லுங்க. 50 முதல் 100 கிலோ மீட்டர் ஓடியதும் நட்டை திரும்ப செக் பண்ணணும். முதல் 200, 300 கிலோ மீட்டர் வரை புது டயர் கொஞ்சம் வழுக்கும், சடன் பிரேக் வேண்டாம். கழற்றிய பழைய டயருக்கும் காசு உண்டு. சும்மா விட்டுட்டு வராதீங்க.