பலர் கைபட வளரும் நூலகப் பட்டியல்

எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘மல்லிகை’ இலக்கிய ஏட்டின் பழைய இதழ் ஒன்றில் குறிப்பிட்ட ஒரு சிறுகதை வேண்டும். வழக்கமான நூலகப் பட்டியல் இதழின் பெயரையும் ஆண்டையும் சொல்லும். கதை எந்த இதழில் இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் திரட்டும் ‘நூலகம்’ இணையத்தளம் இதற்கு விக்கி வழியில் விடை கண்டிருக்கிறது. 2005இல் தொடங்கிய இத்தளம், விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குகிறது. ஒவ்வொரு நூலுக்கும், இதழுக்கும் தனிப் பக்கம் உண்டு. எண், வெளியீட்டாளர், ஆண்டு ஆகிய விவரங்களுக்குக் கீழே ‘வாசிக்க’ என்ற இடத்தில் மின்வருடிய கோப்பு இருக்கும். இதழ்ப் பக்கங்கள் பலவற்றில் ‘உள்ளடக்கம்’ என்ற பகுதியும் உண்டு. கட்டுரை, கவிதை, கதை என ஒவ்வொன்றின் தலைப்பையும் யாரோ ஒருவர் பொறுமையாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். மின்வருடிய படத்துக்குள் தேட முடியாது. தட்டச்சு செய்த தலைப்பைத் தேடினால் உடனே அகப்படும். தேடி அலையும் மாணவருக்கு இது எத்தனை பெரிய உதவி!

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதவை போனவை போனவைதான். அந்த மண்ணின் எழுத்துகளுக்கு எங்கிருந்தும் திறந்து பார்க்கக்கூடிய பட்டியல் எவ்வளவு அவசியம் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

விக்கியின் பலம், பக்கம் ஒருபோதும் முடிந்துவிடுவதில்லை என்பதே. இன்று தலைப்பை மட்டும் பதியலாம். அடுத்த ஆண்டு இன்னொருவர் ஆசிரியர் பெயரைச் சேர்க்கலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகும். தவறு நேர்ந்தால் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். ஒரே எழுத்தாளர் முதலெழுத்தோடும், முழுப்பெயரோடும், புனைபெயரோடும் சிதறிக் கிடந்தால் வழிமாற்றுப் பக்கம் அவரை ஓரிடத்தில் சேர்த்துவிடும். ஆனால் மூன்றும் ஒருவரே என்று உறுதிசெய்ய நூலகரின் தேர்ச்சி வேண்டும். மென்பொருள் அதைச் செய்துவிடாது.

விக்கிப்பீடியாவும் நூலகர்களைத் தேடி வந்திருக்கிறது. அதன் 15ஆம் பிறந்தநாளையொட்டி 2016 ஜனவரியில், நூலகர் ஒவ்வொருவரும் ஒரு மேற்கோளாவது சேர்க்க வேண்டும் என்ற இயக்கம் தொடங்கியது. இப்போது ஆண்டுதோறும் நடக்கிறது. ஊர் வரலாறு, கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர் என்று வேறெங்கும் கிடைக்காதவை நம் கிளை நூலக அலமாரிகளில் இருக்கின்றன. வரும் ஜனவரி 15 அன்று அவற்றில் ஒன்றை எடுத்து, உங்கள் ஊரைப் பற்றிய தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையில் நூற்பெயரையும் பக்க எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.