புதிய அளவில் ஒரு சட்டை

லண்டனில் கல்வி பயிலும் மகனைக் காணப் புறப்படும் பெற்றோரின் பயணப்பெட்டியை எண்ணிப் பாருங்கள். மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, பனங்கட்டி. அவற்றுக்கிடையே ஒரு புதுச் சட்டை.

வேதாகமத்திலும் இத்தகைய தாயொருத்தியைக் காண்கிறோம். 1 சாமுவேல் 2ஆம் அதிகாரம் 19ஆம் வசனத்தின்படி, அன்னாள் ஆண்டுதோறும் சிறிய சட்டையொன்றைத் தைத்து, கணவனாகிய எல்க்கானாவுடன் பலியிடச் செல்லும்போது மகன் சாமுவேலுக்குக் கொண்டுசெல்வாள். அவனோ சீலோவில், ஆசாரியனாகிய ஏலியின் முன்னிலையில் ஆலயப் பணிவிடை செய்து வளர்ந்தவன்.

ராமாவிலிருந்த தாய்க்கு மகனின் அளவு எவ்வாறு தெரியும்? சென்ற ஆண்டின் அளவு இவ்வாண்டு பொருந்தாது. தான் காணாத மாதங்களிலும் அவன் வளர்ந்திருப்பான் என்று நம்பியே அவள் துணியை வெட்டியிருப்பாள்.

அவன் வாழ்ந்த சூழலும் நல்லதன்று. ஏலியின் குமாரர் பலியின் இறைச்சியைப் பலவந்தமாய்ப் பறித்தனர் என அதே அதிகாரம் கூறுகிறது. அவர்கள் நடுவிலேயே சாமுவேல் தேவனுக்கும் மனிதருக்கும் உகந்தவனாக வளர்ந்தான். அன்னாள் அவனைத் திருப்பி அழைத்துச் செல்லவில்லை. மறு ஆண்டும் சட்டையுடன் வந்தாள்.

பெற்றோரே, நீங்கள் வழியனுப்பிய நாளிலிருந்து உங்கள் பிள்ளையும் வளர்ந்திருக்கிறான். பேச்சும் உணவும் நண்பர்களும் மாறியிருக்கலாம். கேள்விமேல் கேள்வி கேட்டு அவனைப் பழைய சட்டைக்குள் திணிக்க முயலாதீர்கள். முதல் நாள் அவன் சமைத்ததை உண்ணுங்கள். அவன் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் காணாத நாட்களிலும் கர்த்தர் அவனைக் கண்டார்.

ஜெபம்: கர்த்தாவே, தூரத்திலுள்ள எங்கள் பிள்ளைகளை உமது கரத்தில் ஒப்புவிக்கிறோம். அவர்களின் வளர்ச்சியைப் பொறுமையோடு ஏற்க அருள்தாரும். ஆமென்.