மசாஜ் மெம்பர்ஷிப்: சேரும் முன் சற்று யோசியுங்கள்!

புசா ரோட்டில் ராஜேந்திர பிளேஸிலிருந்து கரோல் பாக் நோக்கி நடந்தால், கோச்சிங் சென்டர் போர்டுகளுக்கு நடுவே ‘ஸ்பா’, ‘வெல்னெஸ்’, ‘ஆயுர்வேத மசாஜ்’ என்ற பலகைகளும் கண்ணில் படுகின்றன. உள்ளே போய் விலை கேட்டால் அநேகமாக ஒரே மாதிரி பதில்தான் வரும். “ஒரு தடவை என்றால் இவ்வளவு. பன்னிரண்டு தடவைக்குச் சேர்த்துக் கட்டிவிட்டால் நிறைய மிச்சம்.”

கணக்குத் துறையில் முப்பது வருடம் உத்தியோகம் பார்த்தவன் என்பதால், இப்படிச் சேரலாமா என்று அக்கம்பக்கத்து நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்லும் பதிலை நம் வாசகர்களுக்கும் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மசாஜ் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பணத்தை மொத்தமாக முன்னால் கட்டாதீர்கள் என்பதே என் கட்சி.

கணக்கு என்ன சொல்கிறது?

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு தடவைக்கு 2,000 ரூபாய். பன்னிரண்டு தடவைக்கு 24,000 ஆக வேண்டியதை 18,000-க்குத் தருகிறார்கள். ஆறாயிரம் லாபம் என்று தோன்றும். ஆனால் ஒன்பது தடவை போனால்தான் கட்டிய பணம் சரிக்கட்டும். பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது தடவைகளில்தான் லாபமே இருக்கிறது. ஏழு தடவையோடு நின்றுவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 2,571 ரூபாய் கொடுத்ததாக ஆகிறது. அதாவது, தள்ளுபடி இல்லாத விலையைவிட அதிகம்!

சரி, பன்னிரண்டு தடவையும் போய்விட மாட்டோமா என்பீர்கள். இந்தத் திட்டங்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ கெடு உண்டு. நம் வீடுகளில் மே, ஜூனில் பள்ளி விடுமுறை விட்டதும் ஊருக்கு ரயில் ஏறுகிறோம். டிசம்பர், ஜனவரி மூடுபனியில் வெளியே தலைகாட்டவே யோசிக்கிறோம். நடுவில் பரீட்சை, பண்டிகை, ஊரில் கல்யாணம். ஆறு மாதக் கெடுவில் கைக்கு நிற்பது நாலு மாதம்தான்.

இது நம் சோம்பேறித்தனம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார நிபுணர்கள், மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் 7,752 உறுப்பினர்களை ஆராய்ந்து 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு ஐந்து தடவைகூடப் போகவில்லை. ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் அவர்களுக்குச் செலவானது. அதே இடத்தில் பத்து தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தால் தடவைக்குப் பத்து டாலரில் முடிந்திருக்கும். சேரும்போது எல்லோருக்கும் உற்சாகம் அதிகம். கடைக்காரருக்கு அது நன்றாகத் தெரியும்.

வட்டியில்லாத கடன்

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. முன்பணம் கட்டுவது கடைக்காரருக்கு வட்டியில்லாமல் கடன் கொடுப்பதற்குச் சமம். வங்கி டெபாசிட்டுக்காவது 5 லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. பார்லரில் கட்டிய பணத்துக்கு அது கிடையாது. கடை மாறினாலோ, கைமாறினாலோ, மூடினாலோ நம் பணம் நடுத்தெருவில்தான்.

எங்கள் பிளாக்கில் ஒரு மாமிக்கு இதுதான் நடந்தது. முழங்கால் வலிக்காக ஓர் இடத்தில் பன்னிரண்டு தடவைக்குப் பணம் கட்டினார். நாலு தடவை போனார். ஐந்தாவது தடவை போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது, போனும் எடுக்கவில்லை. அது டெபாசிட் வட்டியில் சேர்த்த பணம். அதைவிட எனக்கு வருத்தம், “கட்டின பணம் வீணாகிவிடுமே” என்று அவர் அத்தனை நாளும் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போட்டதுதான். பிறகு பிசியோதெரபி பிரிவில் தொடைத் தசைக்கான பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். அவற்றை வீட்டிலேயே செய்து, இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெட்ரோ படி ஏறுகிறார்.

உடம்பு என்ன சொல்கிறது?

மசாஜினால் சுகம் உண்டு, தசை இறுக்கம் தளரும், நன்றாகத் தூக்கமும் வரும். ஆனால் அந்தப் பலன் நீடிப்பது குறைவு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு ஒத்தடம், மசாஜ் போன்றவற்றைச் சொல்லியிருக்கிறார்கள். நாள்பட்ட வலிக்கு முதலில் சொல்வது உடற்பயிற்சியைத்தான். ஆகவே வருடக்கணக்காக முதுகு வலிக்கிறது என்று வருட மெம்பர்ஷிப் எடுப்பது, மருந்தை விட்டுவிட்டு அனுபானத்தை மட்டும் சாப்பிடுவது போல.

சில சமயங்களில் மசாஜே கூடாது. ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம், அதைத் தேய்க்கவே கூடாது. காய்ச்சல் உள்ளவர்கள், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்புத் தேய்வு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் செய்துகொள்ளக் கூடாது. முதுகு வலியோடு கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமை இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சலூனில் கழுத்தை ‘டக்’கென்று முறிக்க ஒருபோதும் விடாதீர்கள். கழுத்து இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போகக்கூடும்.

மலிவான மாற்று வழிகள்

1. வீட்டு எண்ணெய்க் குளியல். நம் பாட்டிமார் வாரம் தவறாமல் செய்தது. நல்லெண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் எடுத்து, கழுத்து, தோள், முதுகு, கால் என்று வீட்டில் உள்ளவர்கள் மாற்றி மாற்றித் தேய்த்துவிடலாம். அரைமணி ஊறி வெந்நீரில் குளித்தால் போதும். தில்லிக் குளிரில் வெயில் ஏறியபின் செய்யுங்கள். எண்ணெய்த் தரை வழுக்கும், பெரியவர்களை ஸ்டூலில் உட்கார வையுங்கள். கைக்குழந்தைகளுக்கு மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம்.

2. ஒரு டென்னிஸ் பந்து. முதுகுக்கும் சுவருக்கும் நடுவே வைத்து மெல்ல உருட்டினால் தோள்பட்டை முடிச்சுகள் தளரும். தண்டுவடத்தின் மேல் வைக்கக் கூடாது, இருபுறமும் உள்ள தசையில்தான் வைக்க வேண்டும். உள்ளங்காலுக்கும் இதே பந்து உதவும். இதோடு ஒரு வெந்நீர்ப் பை இருந்தால் போதும்.

3. அரசு மருத்துவமனைகள். நமக்கு ரிக்‌ஷா தூரத்திலேயே கரோல் பாக் திப்பியா கல்லூரி இருக்கிறது. ஹக்கீம் அஜ்மல் கான் முயற்சியில் உருவாகி, 1921-ல் காந்திஜி திறந்து வைத்த இடம். ஆயுர்வேத, யுனானி மருத்துவர்கள் பார்க்கிறார்கள். சரிதா விஹாரில் 2017-ல் தொடங்கிய அகில இந்திய ஆயுர்வேதக் கழகமும் உண்டு. இங்கெல்லாம் டாக்டர் பரிசோதித்து, தேவை என்று எழுதிக் கொடுத்தால்தான் எண்ணெய்ச் சிகிச்சை. அதுவே நமக்குப் பாதுகாப்பு. சித்த மருத்துவத்தில் 32 புறமருத்துவ முறைகளில் ஒன்று ‘தொக்கணம்’. நம்முடைய மசாஜ் அதுதான். சஃப்தர்ஜங் மருத்துவமனையில் சித்த மருத்துவப் பிரிவு இருப்பது தில்லித் தமிழர் பலருக்கே தெரியாது.

4. பிசியோதெரபி. ராம் மனோகர் லோகியா போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் செலவு மிகக் குறைவு. வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும். ஆனால் அங்கே கற்ற பயிற்சி ஆயுள் முழுக்கக் கூட வரும்.

5. ஸ்பாதான் பிடிக்கும் என்றால் தடவைக்குத் தடவை பணம் கொடுங்கள். மாதம் ஒரு முறை முழு விலை கொடுத்தாலும் பாக்கேஜைவிடக் கையைக் கடிக்காது.

ஏற்கெனவே கட்டியவர்களுக்கு

கட்டாயம் பில் வாங்குங்கள். கெடு, பணம் திரும்பத் தரும் விதி, வீட்டில் வேறொருவர் உபயோகிக்கலாமா என்பதை எழுத்தில் கேளுங்கள். மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாடு என்றால், யு.பி.ஐ. செயலியில் ‘ஆட்டோபே’ பகுதிக்குப் போய் நீங்களே ரத்து செய்யலாம்.

கடை ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். தமிழிலும் பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் வருடச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பில் கொடுக்க மறுப்பதே முறையற்ற வியாபாரம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

அடுத்த தடவை கவுண்டரில் இருப்பவர், “இன்றைக்கு மட்டும்தான் சார் இந்த ரேட்” என்றால், “யோசித்துச் சொல்கிறேன்” என்று வெளியே வாருங்கள். அந்த ரேட் நாளைக்கும் இருக்கும். வீட்டுக்கு வந்து, எத்தனை தடவை போனால் கட்டிய பணம் சரிக்கட்டும், அத்தனை தடவை நிஜமாகவே போவோமா என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். விடை கிடைத்துவிடும்.