பன்னிரண்டு வயதில் ஒரு பரீட்சை

சிங்கப்பூரில் சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் காலையில் ஒரே வரிசையில் நின்று, மலாய் மொழியில் தேசிய கீதம் பாடி, வலக்கை முஷ்டியை நெஞ்சில் வைத்து உறுதிமொழி கூறுகிறார்கள். மற்றப் பாடங்களை ஆங்கிலத்தில் சேர்ந்து படிக்கும் அவர்கள், தாய்மொழி நேரம் வந்ததும் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வெவ்வேறு அறைகளுக்குப் போவதும், மணியடித்தபின் பழைய இடங்களில் வந்து அமர்வதும் அங்கே நித்திய வழக்கம்.

இவர்கள் எல்லோர் வீட்டிலும் ஜாதிமத பேதமின்றிக் கவலையை உண்டாக்குவது, தொடக்கநிலை ஆறாம் வகுப்பின் முடிவில் எழுதவேண்டிய தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. 1960இல் ஆரம்பமான இந்தப் பரீட்சையில் ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், விஞ்ஞானம் ஆகிய நான்கு பாடங்களில் பெறும் பலனைக் கொண்டே எந்த உயர்நிலைப்பள்ளியில் இடம் கிடைக்கும் என்பது பெரும்பாலும் நிர்ணயமாகிறது. முன்பெல்லாம் ஒரு பிள்ளையின் புள்ளி, உடன் எழுதிய மற்றப் பிள்ளைகளின் திறமையோடு ஒப்பிட்டே கணக்கிடப்பட்டது. தான் நன்றாக எழுதினால் மட்டும் போதாது, பக்கத்துப் பிள்ளையைவிட நன்றாக எழுதியிருக்கவேண்டும். இளம் உள்ளங்களில் அசூயையை விதைக்கக்கூடிய அந்த முறை 2021இல் கைவிடப்பட்டு, பாடத்துக்கு 1 முதல் 8 வரை தரம் வகுத்து, 90க்குக் குறையாத மதிப்பெண்ணுக்கு முதல் தரம் அளித்து, நான்கையும் கூட்டினால் 4 உத்தமம், 32 கடைசி என்று ஏற்பாடு செய்தார்கள். உயர்நிலையில் மாணவர்களை மூன்று பிரிவுகளாகப் பிரித்துவைத்த வழக்கமும் 2024 முதல் எடுபட்டு வருகிறது. இவை மெச்சத்தக்க மாறுதல்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் துணைப்பாட வகுப்புகளில் கூட்டம் குறைந்தபாடில்லை. பெற்றோரின் பயம் அரசாங்க உத்தரவினால் நீங்கிவிடக்கூடியது அன்று.

தமிழ்க் குடும்பங்களுக்கோ இதில் விசேஷமான ஒரு சங்கடம் உண்டு. வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகள் பெருகிவிட்டதால், தாய்மொழி அவர்களுக்குப் புள்ளி தேடித்தரவேண்டிய நான்காவது பாடமாக மட்டுமே நிற்கிறது. அதன் வாய்மொழித் தேர்வில் ஒரு பகுதியை உரக்க வாசிக்கவேண்டும். பின்பு சிறு காணொளி ஒன்றைப் பார்த்துத் தேர்வாளரோடு உரையாடவேண்டும். அலங்காரமான சொற்றொடர்களை மனனம் செய்துவந்த பிள்ளை, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று தேர்வாளர் வினவியதும் திகைத்து நின்றுவிடுவதுண்டு, தினந்தோறும் பாட்டியோடு தமிழில் வாயாடிய பிள்ளைக்கோ பதில் தானாகவே வருகிறது. துணைப்பாட ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் காட்டிலும், இரவுச் சாப்பாட்டின்போது தமிழில் பேசும் அரைமணி நேரம் அந்தப் பிள்ளைக்கு அதிகம் உதவும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.