பீரோவுக்கு முன்னால ஒரு ஸ்டுடியோ!

“மாப்ள, ஆடியோவுல உன்னைவிட உங்க வீட்டுச் செவுருதான் நெறைய பேசுது!”

அரியலூர்ல இருந்து நண்பன் போன்ல சொன்ன இந்த ஒத்தை வரியில, என்னோட ‘வாய்ஸ் ஆர்ட்டிஸ்ட்’ கெத்து சுக்குநூறு!

விஷயம் இதுதான் ஃப்ரெண்ட்ஸ். என்கூட ஸ்கூல்ல படிச்சவன், இப்போ பி.ஏ. வரலாறு. பார்வை கிடையாது. யாராவது பாடத்தை வாசிச்சுக் கொடுத்தா, காதாலேயே படிச்சு அரியர் இல்லாம பாஸாகுற ஆள். இந்த செமஸ்டருக்கு வாசிக்கிற பொறுப்பு என்னோடது. டியூஷன் எடுத்துச் சேர்த்த காசுல கண்டன்ஸர் மைக், ஸ்டாண்டு, சுவரெல்லாம் முட்டை அட்டைன்னு எங்க பெரம்பலூர் வீட்டு மாடி ரூமையே மாத்தினேன். ரிசல்ட்தான் மேலே படிச்சீங்களே!

அவன் ஆடியோவை ரெண்டு மடங்கு வேகத்துல கேட்பான். அந்த வேகத்துல எதிரொலியும் சேர்ந்தா, ஒரு வார்த்தையோட வால் அடுத்த வார்த்தையோட தலையில ஏறிடும். எழுநூறும் எண்ணூறும் குழம்பினா, 1757 பிளாசிப் போரும் 1857 சிப்பாய்ப் புரட்சியும் ஒரே வருஷம்தான். மார்க் போறது அவனுக்கு!

நான் இன்ஜினீயரிங் மூளையைத் தட்டினேன். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். 3 மீட்டர் தள்ளியிருக்கிற சுவர்ல மோதித் திரும்ப, விநாடியில 50-ல ஒரு பங்குகூட ஆகாது. முட்டை அட்டையோ ரொம்ப மெல்லிசு. எதிரொலியையும் சரியா உறிஞ்சாது, வெளிச்சத்தத்தையும் தடுக்காது. ஸோ, வாங்குறதை நிறுத்திட்டு, குறைக்க ஆரம்பிச்சேன்.

துணி: துணி நிறைஞ்ச பீரோவைத் திறந்துவெச்சு, அதைப் பார்த்து உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால கொடியில ரெண்டு கனமான போர்வை. மைக் நம்ம முதுகுப் பக்கச் சுவரையும் கேட்கும் பாஸ்!

மைக்: வாய்க்கு ஒரு சாண் தூரம், கொஞ்சம் பக்கவாட்டுல. ‘ப’ சொல்றப்ப வர்ற காத்து நேரா மோதாது.

லாரி: அரியலூர் சிமென்ட் லாரி உறுமலைப் போர்வை தடுக்காது. அதனால விடிகாலை 4 மணிக்கு ரெக்கார்டிங். ஃபேன் ஆஃப். வியர்வை ஃப்ரீ!

ஆடாசிட்டி: இலவச மென்பொருள். முதல் 10 விநாடி பேசாம இருங்க. அந்த அமைதியைக் காட்டி இரைச்சலை நீக்கலாம். ஓவராப் போனா குரல் கிணத்துக்குள்ள போயிடும். தப்பா வாசிச்சா ஒரு கைதட்டல். திரையில கூரா நிக்கும், வெட்டுறது ஈஸி.

பதிப்புரிமைப் பயம் வேண்டாம். பார்வையற்றவங்க படிக்க இப்படி மாத்திக் கொடுக்கிறதை 2012-ல திருத்தின சட்டமே அனுமதிக்குது. இதுக்கான மராகேஷ் உலக ஒப்பந்தத்தை 2014-ல முதல்ல உறுதி செஞ்ச நாடும் இந்தியாதான்.

மறுபடி அனுப்பினேன். பதில் வந்துச்சு: “செவுரு வாயை மூடிடுச்சு. ஆனா, அஞ்சாவது யூனிட்ல நீ தூங்கிட்டே வாசிக்கிறடா!”

உங்க காலேஜ்லயும் இப்படி ஒரு நண்பன் இருப்பான். பீரோவைத் திறங்க மக்களே!